பலகையில் வைத்த காது

தோட்டத்தில் அணில் தொல்லை என்றால் அந்தப் பக்கத்து வீடுகளில் எல்லோரும் முதலில் தேடுவது அணில்காரரைத்தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அவர் மனைவிக்காவது நினைவிருந்தால் சரி. தக்காளிச் செடிக்கு வலை கட்டுவார், கூரையை உரசும் கிளையை வெட்டுவார், கூரைக்குள் போகிற ஓட்டையைக் கம்பிவலை வைத்து அடைப்பார். விஷம் மட்டும் தொடமாட்டார். யாராவது கேட்டுவிட்டால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்து, "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஓட்டையை அடைக்குமுன் சீலிங் பலகையை மூன்று முறை தட்டி, காதை ஒட்டி வைப்பார். குட்டிகள் இருந்தால் கீச்சென்று கத்தும். கத்தினால், அவை வளர்ந்து வெளியே வரும்வரை, வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் அடைக்கமாட்டார். சத்தமில்லை என்றால், அணில் இரை தேடப் போன நேரம் பார்த்து அடைத்துவிடுவார். முப்பது வருடமாக இதேதான்.

வினை எங்கே வந்தது என்றால், இரண்டு வருடமாக அவர் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. மனிதர் பேச்சு ஓரளவு கேட்கும். கீச்சுச் சத்தம் கேட்காது. கேட்காத சத்தம் கேட்கவில்லை என்று ஒருவனுக்கு எப்படித் தெரியும்? குட்டி இல்லை என்றே நினைத்துக்கொண்டார், பாவம் மனுஷன்.

தையல்காரம்மா வீட்டுக் கூரையை அடைத்து இரண்டாம் நாள் காலையில் ஃபோன் வந்தது. உடனே கிளம்பிப் போனார். மனைவியும் கூடவே வந்தாள், ஏணி பிடிக்க.

"ரெண்டு நாளா தாய் அணில் வலையப் பிறாண்டிக்கிட்டே இருக்குண்ணே. உள்ள குட்டிங்க கத்துது."

"குட்டி இல்லம்மா. நான்தான் காது வச்சுப் பாத்தேனே."

நாற்காலியில் ஏறி மறுபடி தட்டினார், காதை வைத்தார். "ஒண்ணுமில்லயே."

தையல்காரம்மா அவரையே பார்த்தாள். "இப்பவும் கத்துதேண்ணே. இங்க நிக்கிற எனக்கே கேக்குது."

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏணியில் ஏறி வலையைப் பிய்த்தெடுத்தார். கம்பியெல்லாம் ரத்தக்கறை. தாய் அவர் கைமேலேயே ஏறி உள்ளே பாய்ந்தது. இரண்டு குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மரத்துக்கு ஓடியது. மூன்றாவது அசையவில்லை. அதையும் கவ்விக்கொண்டு போனது.

இறங்கிப் படியில் உட்கார்ந்தார். மனைவி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"இதுக்கு முன்னாடியும் சில வீட்டுலேந்து ஃபோன் வந்துச்சுங்க. கூரைக்குள்ள நாத்தம் அடிக்குதுன்னாங்க. எலி செத்துக் கிடக்கும்னு சொல்லி வச்சுட்டேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இந்த வேலையும் இல்லன்னா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

"எந்தெந்த வீடு?"

அவள் முணுமுணுத்தாள். அவருக்குப் பாதி கேட்கவில்லை. தையல்காரம்மா நிற்கிறாள் என்று கண்ணால் காட்டினாள்.

"நிக்கட்டும்," என்றார். "சத்தமா சொல்லு."