குடிலுக்கு வைத்திருந்த கீற்று

எழுபதுகளின் தொடக்கம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், மிராசுதாரின் நிலத்தோரம் குடிசை போட்டு இருந்தோம். என் மாமனார் காலத்திலிருந்தே அங்கேதான். கூலிக்காரர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று சட்டம் வந்ததும் என் வீட்டுக்காரர் மனுப் போட்டார். 'அது வெறும் தரிசு, அங்கே குடிசையே கிடையாது' என்று மிராசுதாரின் காரியஸ்தர் பதிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். தாசில்தார் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு.

அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம். எங்கள் மாதா கோயிலில் பாலன் இயேசு சொரூபத்தை வைக்கும் குடில் கட்டுவதற்காக, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் வீடு வீடாகக் கீற்று கேட்டு வந்தார். எனக்கு வந்ததே கோபம்! "எங்க வீடே ஒழுவுது, பொம்மைக்குக் கூரை கேக்குறீங்களா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். மனுஷர் முகம் சுருங்கிப் போனது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஊரே பாலன் இயேசுவுக்குக் காத்திருக்க, நான் தாசில்தாருக்குக் காத்திருந்தேன்.

அவர் வருவதற்கு முதல் நாள், நாங்கள் இருவரும் தூரத்து வயலில் களை பறிக்கப் போயிருந்தோம். மதியம் கஞ்சி குடிக்க வந்தால் வீட்டைக் காணோம்! காரியஸ்தரின் ஆட்கள் கூரையைப் பிரித்து, மூங்கிலை உருவி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அடுப்பைக்கூட விட்டுவைக்கவில்லை. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் உபதேசியார் வந்தார். பின்னால் எங்கள் தெருவே கீற்றும் மூங்கிலுமாக வந்தது.

"குடிலுக்கு வச்சிருந்ததுதான். எடுத்துக்கங்க" என்றார்.

எனக்குக் கை நீட்டக் கூசியது. "அன்னிக்கு நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"பேச இப்ப நேரமில்லம்மா. கயித்தைப் புடிங்க!"

குடியானத் தெருவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நெற்றி நிறைய விபூதி பூசிய ஒருவர்தான் கூரைமேல் ஏறிக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் வீடு நின்றது. ஈர மண்ணில் அடுப்புப் போட்டு உலை வைத்தேன்.

மறுநாள் தாசில்தார் வந்தார். "கீத்தெல்லாம் புதுசா இருக்கே?" என்று கேட்டார்.

காரியஸ்தர் முந்திக்கொண்டார். "அதாங்கய்யா! நேத்து காலையிலதான் நாங்க பிரிச்சுப் போட்டோம். சாயங்காலத்துக்குள்ள திரும்பக் கட்டிப்புட்டானுவோ!"

தாசில்தார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "குடிசையே கிடையாதுன்னு எழுதிக் குடுத்தீங்களே? அப்ப எதைப் பிரிச்சீங்க?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா! கூட்டம் சிரித்த சிரிப்பில் வரப்பிலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. பட்டா கைக்கு வரப் பல மாதமானது. ஆனால் மனை எங்களுடையது என்று அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த வருடம் கோயிலில் குடில் இல்லை. கிறிஸ்துமஸ் காலையில் பாலன் சொரூபத்தைக் கொட்டுமுழக்கத்தோடு எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் முழந்தாளிட்டவள் நான்தான்.

இன்று அதே மனையில் மாடி வீடு இருக்கிறது. திருவருகைக் காலத்தில் நன்றி ஜெபம் சொல்ல உட்கார்ந்தால், ஒருவரையும் விட மனம் வராமல், இரண்டு தெருக்காரர்களையும் பெயர் பெயராகச் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு 'ஆமென்' வருகிறது.