மயிலுக்கு டிரான்ஸ்ஃபர்

போன வாரம் ஒரு மனு எழுதினேன். பத்திரிகையில் எழுதுகிறவள்தானே என்று தெருவே சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டது. மனு யார் மேல் தெரியுமா? ஒரு மயில் மேல்!

விஷயம் இதுதான். எங்கள் நெய்வேலித் தெருவில் முன்பெல்லாம் குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான் நிற்கும். இப்போது கொய்யா மரத்தை வெட்டிவிட்டுக் கார் ஷெட் போடுகிறார்கள். எதிர்வீட்டுப் பிரபு — பொள்ளாச்சிக்காரர், மைன்ஸில் இன்ஜினீயர் — கன்னங்கரேலென்று ஒரு கார் வாங்கினார். தினமும் தெருவுக்கு வரும் மயில் அதன் கதவைப் பார்த்தது. உள்ளே இன்னொரு மயில்... விடுமா? டொக் டொக்கென்று கொத்தி, காலால் உதைத்து, ஒரே வாரத்தில் கதவில் நாலு கோடு.

கவர் போடலாமே என்கிறீர்களா? போட்டார். அவர் ஆபீஸ் கிளம்பக் கவரை உருவும் நேரமாகப் பார்த்து அதுவும் வந்து நின்றது.

பிரபுவுக்கு அழாத குறை. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார், காரைப் பார்ப்பதற்கென்றே. ஒரு காரையே ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியாதவனுக்கா பெண்ணைக் கொடுத்தோம் என்று அவர் நினைத்துவிட்டால்?

தெரு இரண்டாகப் பிரிந்தது. கார் வைத்திருப்பவர்கள், விரட்டியே ஆக வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுச் செல்வராணி அக்கா, முருகன் வாகனத்தையா விரட்டுவீர்கள் என்று சண்டைக்கு வந்தார். தினமும் அதற்குப் பொரி போடுவதே அவர்தான். கடைசி வீட்டுத் தங்கராசு சார் — அவரிடமும் கார் உண்டு — நடுவழி ஒன்று சொன்னார். விரட்ட வேண்டாம், டவுன்ஷிப் ஆபீஸில் மனுக் கொடுத்து வேறு வட்டத்துக்கு, அதாவது வேறு பிளாக்குக்கு, டிரான்ஸ்ஃபர் கேட்போம்!

எங்கள் ஊரில் ஒத்துவராத யாருக்கும் இதுதானே வைத்தியம்? நானும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தேன்.

கையெழுத்துக்காக அக்கா வீட்டுக்கும் போனோம். படித்துக் காட்டச் சொன்னார். 'எங்கள் தெருவில் அத்துமீறி நடமாடும் மயிலை...' என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார். அக்கா குறிஞ்சிப்பாடிக்காரர். அவர் வீட்டுக்காரருக்கு அடுத்த மாதம் ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும்.

"நாங்க போறோம். அப்பறம் ஒருநாளு நீங்க எல்லாரும் போவீங்க. அது இங்கியேதான் சுத்திக்கினு இருக்கும். அதாம்மா பர்மனென்ட்டு. நாமதான் கான்ட்ராக்ட்டு."

எனக்குச் சுருக்கென்றது. பிரபு மனுவை வாங்கி நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. மாமனார் வந்தார். அவர் காரைச் சுற்றிப் பார்க்கும்போதே மயிலும் வந்து கதவைக் கொத்த ஆரம்பித்தது. நாங்கள் எல்லாரும் அவரவர் ஜன்னலில். பெரியவர் குனிந்து செருப்பைக் கழற்றினார். அடிக்கப்போகிறார் என்று எனக்குப் பகீரென்றது.

அவரோ வெறுங்காலோடு நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்!

"மாப்ள, முருகனே வந்து கோடு போட்டிருக்கறான். இதுமேல பெயிண்ட் கியிண்ட் அடிச்சுப் போடாதீங்க."

பிரபுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே... அன்று அவரே ஒரு கை பொரி போட்டார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இப்போது காரைக் காட்டுவதில்லை, கோட்டைத்தான் காட்டுகிறார்.

மறுநாளிலிருந்து தங்கராசு சார் தன் காரைப் பளபளவென்று துடைத்து வாசலில் நிறுத்துகிறார். பக்கத்திலேயே ஒரு தட்டு நிறையப் பொரி.

மயில் பொரியை மட்டும் தின்றுவிட்டுப் போகிறது!