வெற்றிலை ஒதுக்கிய கன்னம்

யுத்த காலத்தில் ஆவடி ராணுவக் கிடங்கில் மூட்டை தூக்கினேன். அங்கிருந்த அமெரிக்க சிப்பாய்களைப் பார்த்து பேஸ்பால் பழகி, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்களே ஆடினோம். நான் வீசுவேன், என் மச்சினன் ஏழுமலை மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திப் பிடிப்பான். எந்தப் பந்து வரும் என்பது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

என் வளைபந்தை யாராலும் தொட முடிந்ததில்லை. எதிரணியில் ஆடிய பூந்தமல்லி காதர் மட்டும் ஒரு மாதமாக அதற்கென்றே காத்திருந்து விளாசினான். எனக்குச் சந்தேகம் வந்தது. ஏழுமலை அடிக்கடி இருமினான். அதுதான் காதருக்குச் சைகை என்று முடிவு கட்டினேன். ஒருநாள் எல்லோர் முன்னாலும் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"துன்ன ஊட்டுக்கே ரெண்டகம் பண்றியாடா?"

அவன் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான். அவன் இடத்தில் வேறொருவனைக் குந்த வைத்தேன். அடுத்த வளைபந்தும் கிடங்குக் கூரையில் போய் விழுந்தது.

காதர் என்னிடம் வந்தான். "அவன் இன்னா பண்ணான் அண்ணாத்தே? நேரா போடசொல்ல வெத்தல வலது கன்னத்துல கீது. வளைச்சிப் போடசொல்ல நீயே இடது பக்கம் தள்ளிக்கிறே. நான் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு கீறேன்."

ஏழுமலை அதன்பின் ஆட வரவேயில்லை. அந்த ஒரு மாதமும் அவன் இருமலை எண்ணிக்கொண்டிருந்தேன். உடம்புக்கு என்ன என்று ஒருநாளும் கேட்கவில்லை.