பொழச்சேன், ஒரு சாயா எடு

இன்று காலையிலும் அந்த வரி வந்தது. திரையின் அடிவிளிம்பில், இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழில்: "பொழச்சேன். ஒரு சாயா எடு." அடுத்த விசையைத் தொடும்வரை நிற்கும், தொட்டதும் போய்விடும். அதைச் சொன்னது மதினி, என் கணவரின் அக்கா. அதைத் திரையில் வரவைக்கும் நாலு வரி புரோகிராமை எழுதியது நான். மதினி போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. லேப்டாப்பும் எத்தனையோ மாறிவிட்டது. கோப்பு மட்டும் ஒவ்வொன்றிலும் அப்படியே வந்து உட்கார்ந்துகொள்கிறது. வெறும் எழுத்துக் கோப்புதானே, எதில் போட்டாலும் திறக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் கல்யாணமாகித் தென்காசிப் பக்கத்திலிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்தேன். அவர்கள் குடும்பம் அதற்கு இரண்டு தலைமுறை முன்பே பிழைப்புக்காக இங்கே வந்து ஒட்டிக்கொண்ட தமிழ்க் குடும்பம். வந்த கொஞ்ச நாளில் என் கணவர் துபாய்க்குப் போய்விட்டார். வீட்டில் மதினியும் நானும்தான். மதினி கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். எறணாகுளம் பிராட்வேயில் ஒரு மொத்தத் துணிக்கடையில் பில் போடுகிற வேலை. காலையில் போட்டில் எறணாகுளம் போய்ச் சாயங்காலம் போட்டில் திரும்புவாள். போட்டில் ஏறினால் அக்கரை சேருவதற்குள் நாலு பேருடைய வீட்டு விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கும். என் தமிழை "சர்க்கார் ஆப்பீஸ் தமிழ்" என்று கேலி செய்வாள். அவள் தமிழில் பாதி மலையாளம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, எனக்கு மலையாளம் படிக்க வராது. அதனால் ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டுகிற துண்டுச் சீட்டிலிருந்து எல்லாமே எங்கள் இருவருக்கும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ்தான்.

எனக்குக் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே பழகியதுதான் ஈமாக்ஸ் என்ற எடிட்டர். பார்க்க ஒரு அழகும் கிடையாது. ஆனால் அதன் எந்த மூலையையும் பிரித்துப் போட்டு நம் இஷ்டத்துக்குத் திருப்பி எழுதிக்கொள்ளலாம். அதற்குள் ஆர்க் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு நட்சத்திரக் குறி போட்டு எழுதினால் அது ஒரு தலைப்பு. அதன் கீழே தேதி கொடுத்தால், அந்தத் தேதி விடிந்ததும் "இன்றைக்கு உள்ளது" என்று எடுத்து நீட்டும். வாராவாரம் வரவேண்டியது என்றால் தேதியை ஒட்டி ஒரு சின்னக் குறி. அவ்வளவுதான். ஆபீஸ் வேலைக்கு மட்டும்தான் அதை வைத்திருந்தேன், மதினிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறவரை.

டாக்டர் சொன்னபோது மதினி, "அப்ப இனி என்ன, மெஷின்தானா?" என்று காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஒரு நட்சத்திரம் போட்டு அவள் பெயரை எழுதினேன். அழுவதற்குப் பதில் எனக்கு அதுதான் வந்தது. டயாலிசிஸ், ஊசி, ரத்தப் பரிசோதனை, பிரஷர் மாத்திரை, எடை பார்ப்பது, கப்பைக்கிழங்கு கூடாது, நேந்திரம்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது. ஒவ்வொன்றும் அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி ஆயிற்று. காலையில் எழுந்ததும் திரையில் வரிசையாக நின்றது.

பின்னால் நின்று பார்த்த மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தாடி இது? என்னைய ஒரு தலைப்பா ஆக்கிப்புட்டே?"

"மறந்துரக் கூடாதுல்லா மதினி."

"நான் என்ன கரன்ட் பில்லா, நீ மறக்கதுக்கு?"

இருந்தாலும் ஒரு வாரத்துக்குள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார ஆரம்பித்துவிட்டாள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "செய்யணும்" அல்லது "ஆச்சு" என்று நிலை மாற்றலாம் என்று காட்டினேன். இரண்டு போதாது என்றாள். "மனுஷருக்கு எப்பவும் செய்யணும், ஆச்சு, இந்த ரெண்டு மட்டும்தானா? 'நாளைக்குப் பாக்கலாம்'னு ஒண்ணு வெய்யி." வைத்தேன். அதை அமுக்கினால் வரி தானாக மறுநாளுக்கு நகர்கிற மாதிரி எழுதிக் கொடுத்தேன். சாயங்கால நடை, எடை பார்ப்பது எல்லாம் நாள் நாளாக நகர்ந்துகொண்டே போயின. அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

நகர்த்த முடியாதது தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லை, உடம்பிலேயே தங்கும், மூச்சை முட்டும். அதனால் சாயாவும் அளவுதான். சாயா இல்லாமல் மதினிக்கு வாயே திறக்காது. கடைசியில் அவளே ஒரு கண்ணாடிக் கிளாஸ் எடுத்து, பாதிக்குக் கொஞ்சம் கீழே, சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தாள். "இதுக்கு மேல ஊத்தினா எங்கிட்டச் சொல்லு" என்றாள், ஊற்றப் போவது வேறு யாரோ என்பது போல.

ஆரம்பத்தில் ஆஸ்பத்திரியில் மெஷின் காலியாக இருக்கிற நாளைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். எந்தக் கிழமை என்றே எங்களுக்குப் பழகவில்லை. மாத்திரை, எடை எல்லாம் கைக்குப் பழகியதும் அந்த வரிகளை எடுத்துவிட்டேன், மதினி பெயரில் டயாலிசிஸ் மட்டும்தான் நின்றது. பிறகு ஒரு வழியாகச் செவ்வாய், வியாழன், சனி என்று நிலையான நாள் கொடுத்தார்கள். அப்பாடா என்று ஒரே தலைப்பின் கீழ் மூன்று தேதியையும் போட்டு, மூன்றுக்கும் வாராவாரம் திரும்பி வருகிற குறியையும் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஆட்டோவில் சுள்ளிக்கல் வழியாகக் கூட்டிக்கொண்டு போய், மெஷின் ஓடுகிறவரை வெளியே உட்கார்ந்து ஆபீஸ் வேலை பார்த்து, வீட்டுக்கு வந்து "ஆச்சு" அமுக்கினேன். அது அந்தத் தலைப்பில் இருந்த மூன்று தேதியையும் ஒன்றாகத் தூக்கி அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டது. நான் கவனிக்கவில்லை. வியாழன் காலை திரையில் மதினி பெயரில் ஒன்றுமே இல்லை. நானும் நிம்மதியாகக் காக்கநாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டேன். கோப்பு சொன்னால் சரியாக இருக்கும் என்று அதற்குள் அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு.

சாயங்காலம் வந்தபோது மதினி ஜன்னலோரம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது, மூச்சு சத்தமாக வந்தது. மடியில் பிராட்வே கடைத் துணிப் பொட்டலம். "பேடிக்காண்டாம், ஆட்டோ கூப்பிடு" என்றாள். பயப்படாதே என்று சொல்கிற ஆள் பேச முடியாமல் நிறுத்தி நிறுத்திச் சொன்னால் எப்படிப் பயப்படாமல் இருப்பது? ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, விட்டு விட்டு எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் நான் குளிக்கும்போது திரையைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தெரியும். நான் கிளம்பிப் போகிறவரை வாயைத் திறக்கவில்லை. போட்டில் எறணாகுளம் போய், வேலை பார்த்த பழைய கடையில் எல்லோரையும் பார்த்து, எனக்கு ஒரு சேலை எடுத்து, போட் ஜெட்டி பக்கத்துச் சாயாக்கடைச் சேட்டனிடம் ஒரு முழுக் கிளாஸ் வாங்கிக் குடித்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வரலையா மதினி?"

"வந்துச்சு. ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "செத்துப் போயிருந்தா?" என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். மதினி கண்ணை மூடிக்கொண்டே, "ஒரு நாள் எம் பேரு அதுல இல்லாம விடிஞ்சுதுடி. அதைப் போய் எப்படி விடது?" என்றாள்.

அன்றைக்கு அவசரமாக மெஷினில் போட்டுக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் மூன்று நாளையும் மூன்று தனித் தலைப்பாகப் பிரித்தேன். டயாலிசிஸ் வரியில் "நாளைக்குப் பாக்கலாம்" அமுக்கினால் "மாட்டேன்" என்று திரை மறுக்கிற மாதிரி எழுதினேன். மதினி பார்த்துக்கொண்டே இருந்தாள். "நீ சொல்றதெல்லாம் அது சொல்லுது. நான் சொல்றதையும் ஒண்ணு சொல்லட்டும்" என்றாள். எந்த வரியில், எப்போது, என்ன சொல்லவேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். அதிலிருந்து டயாலிசிஸ் முடிந்து வந்து "ஆச்சு" அமுக்கும்போதெல்லாம் அடியில் அவள் குரல் வரும்: பொழச்சேன். ஒரு சாயா எடு. அமுக்குவது எப்போதும் அவள்தான். அந்த ஒரு விசையை என்னைத் தொடவிட்டதில்லை. நான் அடுப்படிக்குப் போய்ச் சிவப்புக் கோடு வரை சாயா ஊற்றிக் கொண்டுவருவேன். அதை அரைமணி நேரம் வைத்துக் குடிப்பாள். அந்த அரைமணியில் பக்கத்துக் கட்டில்காரியின் மருமகன் கதை முழுக்க எனக்கு வந்து சேரும். அந்தச் சேலையைக் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கோபத்தில் நான் கட்டவில்லை. பிறகு ஓணத்துக்குக் கட்டினேன். நிறம் எனக்குப் பொருந்தவே இல்லை என்று அவளே சொன்னாள்.

இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதினி எழுந்திருக்கவில்லை. இதயம் தூக்கத்திலேயே நின்றிருக்கிறது. கோப்பில் அன்றைக்கு ஒன்றும் இல்லை. மெஷின் நாள் எதுவும் தவறவில்லை, மாத்திரை எதுவும் தவறவில்லை. டாக்டர் இது இப்படித்தான் சில பேருக்கு வரும் என்றார். நானும் தலையாட்டினேன். கணவர் வந்தார், காரியமெல்லாம் முடிந்தது, திரும்பிப் போனார். வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள். போட்டில் அவளோடு போய்வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு ஒன்றுமே வரவில்லை. யாரோ சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். பல் டாக்டர் ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே முழுக்க மரத்துக் கிடந்தது.

மறுபடி வேலைக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. லேப்டாப்பைத் திறந்தால் முதல் வரி, மதினி, டயாலிசிஸ், செய்யணும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆச்சு" அமுக்கினேன். பொழச்சேன், ஒரு சாயா எடு என்றது. உடனே அந்த வரி அடுத்த செவ்வாய்க்குப் போய் மறுபடி "செய்யணும்" என்று நின்றது. திரும்பி வருகிற வரிகளுக்கு "ஆச்சு" என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை, அடுத்த முறைக்குப் போ என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியாதா என்ன? வியாழனும் அமுக்கினேன், சனியும் அமுக்கினேன்.

ஒரு நாள் போனில் கணவரிடம் சொன்னேன். "அதை அழிச்சுரேன், பிள்ளே. உனக்குக் கஷ்டமா இருக்காதா?" என்றார். கஷ்டமாக இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. பாசத்தில் வைத்திருந்தேன் என்று சொன்னால் அது பொய். காலையில் பல் தேய்க்கிற மாதிரி கை அமுக்கியது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே அமுக்காமல் விட்டுப் பார்த்தேன். மறுநாள் காலை அந்த வரி சிவப்பாக, தாமதம் என்ற குறிப்போடு வந்து நின்றது. மதினி டயாலிசிஸ் தாமதம். உடனே அமுக்கினேன். செத்துப்போனவளுக்கு மெஷின் தவறிவிட்டது என்று பயந்த பைத்தியக்காரி நான்தான்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு வியாழன். காக்கநாட்டுப் பஸ் வராது என்று ஆபீஸுக்குப் போகவில்லை. "ஆச்சு" அமுக்கினேன், வரி வந்தது, எழுந்து போய்ச் சாயா போட்டேன். கிளாஸை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து வாயில் வைக்கும்போதுதான் பார்த்தேன். சிவப்புக் கோடு வரை ஊற்றியிருந்தேன். நெயில் பாலிஷ் பாதி உரிந்து போயிருந்தது, இருந்தாலும் அந்தக் கோட்டில் மிகச் சரியாக நின்றது சாயா. அன்றைக்கு மட்டுமில்லை. ஏறக்குறைய ஒரு வருஷமாக நான் அந்தக் கிளாஸில்தான், அந்தக் கோடு வரைதான் குடித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு இரண்டு சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றன. எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். பாத்திரத்தில் மீதி சாயா இருந்தது. அதை எடுத்து ஊற்றப் போனேன், முடியவில்லை. "இதுக்கு மேல ஊத்தினா எங்கிட்டச் சொல்லு." யாரிடம் போய்ச் சொல்ல? அப்போதுதான் அழுகை வந்தது. ஐயோ மதினி, மதினி என்று வாய்விட்டுக் கத்தினேன். மழைச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்காது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தேன். மூன்று தலைப்பையும் அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். செவ்வாயில் கையை வைத்தேன், மனசு வரவில்லை. சனியும் அப்படித்தான். வியாழனுக்கு வந்தபோது அவள் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து சொன்னது ஞாபகம் வந்தது. அந்த வரியில் மட்டும், தேதியை ஒட்டியிருந்த, வாராவாரம் திரும்பி வரவைக்கிற அந்தச் சின்னக் குறியை அழித்தேன். பிறகு "ஆச்சு" அமுக்கினேன். பொழச்சேன் என்றது. இந்தத் தடவை வரி எங்கேயும் போகவில்லை. பச்சையாகி அப்படியே நின்றுவிட்டது.

கணவர் இப்போது துபாயை விட்டு வந்துவிட்டார். செவ்வாயும் சனியும் காலையில் நான் விசையை அமுக்குவதைப் பார்ப்பார், அடுப்படிக்குப் போய்ச் சாயா வைப்பார். இன்று செவ்வாய். அமுக்கினேன், அந்த வரி வந்தது, போனது. நாளை மறுநாள் வியாழன். மதினி பெயர் இல்லாமல் விடியும். போட் ஜெட்டிப் பக்கம் அந்தச் சேட்டன் கடைக்குப் போய் நின்றுகொண்டே ஒரு முழுக் கிளாஸ் குடிப்பேன்.