கேட்கப் பழகிய மைதீன் அண்ணாச்சி

செய்தி வந்தபோது நான் மொட்டை மாடியில் உட்கார்ந்து, வீட்டுக்குத் தெரியாமல் கால் முட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். போனில் மைதீன் அண்ணாச்சியின் மகன் ரஹ்மத். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். பைய வாங்க." துக்கம் சொல்கிறவனே பைய வரச் சொல்கிறான். என் நடை அவன் வரைக்கும் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

இந்த வருடம் இது நான்காவது. துக்க வீட்டுக்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறேன். ஆணியில் தொங்கும் நேரத்தைவிட அது என் மேல் தொங்கும் நேரம்தான் அதிகம். எனக்கு அலுத்துவிட்டது. சட்டைக்கும் அலுத்திருக்கும்.

வண்ணார்பேட்டையில் நாங்கள் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு வந்தவர்கள், வேட்டிப் பிரிவில் நின்ற அண்ணாச்சியை மறந்திருக்க மாட்டார்கள். நான் அங்கே ஆடித் தள்ளுபடி நோட்டீசுக்கு வாசகம் எழுதுகிறவன். மீதி நேரம் ஊர் வம்பு. அவர் முப்பது வருடம் ஒரே இடத்தில் நின்று, "வாங்க, என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டவர். தூக்கத்திலும் அதையே கேட்கிறார் என்று அவர் மனைவி இருந்த காலத்தில் குறைப்பட்டுக்கொள்வார்.

அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம், நான் டீக்கடையில் நிற்கிறேன். எதிரே அண்ணாச்சி, முன்பின் தெரியாத ஒரு ஆளை நிறுத்தி, "கொஞ்சம் கையப் பிடிச்சு அந்தப் பக்கம் விட்டுருங்க" என்கிறார். முந்தின நாள்தான் ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறியவர்! டீயைப் பாதியில் வைத்துவிட்டு, "அண்ணாச்சிக்குக் கண்ணு போச்சுவே" என்று கடையிலிருந்த நாலு பேரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் பாதி வண்ணார்பேட்டை ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வீட்டு வாசலில் நின்றது. நானும்தான் நின்றேன், வெறுங்கையோடு.

எல்லாரையும் அனுப்பிவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு நல்லாத்தான் இருக்குவே. வாய்க்குத்தான் சீக்கு. கேக்கத் தெரியமாட்டேங்கு."

பிறகு அவருடைய அண்ணனைப் பற்றிச் சொன்னார். "குளிக்கையில வழுக்கி விழுந்துட்டாரு. உள்ள தாழ்ப்பாள். வெளிய மருமக நடக்கா, பேரன் ஓடுதான். கூப்பிடக் கூச்சம். ரெண்டு மணி நேரம் ஈரத்துலயே கெடந்தாரு. அதோட படுத்தவருதான், எந்திரிக்கல. நானும் ஊரையே என்ன வேணும்னு கேட்டிருக்கேன். எனக்கு இது வேணும்னு ஒருத்தர்ட்டயும் கேட்டதில்ல. நல்லா இருக்கையிலயே பழகலன்னா எனக்கும் அந்தத் தாழ்ப்பாள்தான்."

ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டார். பையைத் தூக்கித் தரச் சொல்வார். ஊசியில் நூல் கோத்துத் தரச் சொல்வார். "இல்லைன்னுட்டா அசிங்கமா இருக்காதா அண்ணாச்சி?" என்று கேட்டேன். "எத்தனை பேரு பத்து வேட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் எடுக்காமப் போனான்? நாம என்ன செஞ்சோம்? மடிச்சு வச்சோம். அம்புட்டுதான்."

வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டார். உள்ளே ஆள் இருந்தால் கதவில் துண்டு தொங்கும். இந்தச் சட்டம் தெரியாமல் ஒரு பெருநாளன்று நான் உள்ளே போய்விட்டேன். தாழ்ப்பாளைத் தேடிக் காணாமல், யாரும் வந்துவிடக் கூடாதே என்று முடிகிற வரை உரக்கப் பாடினேன். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த சம்பந்தி வீட்டார் கையை எடுத்துவிட்டார்கள் என்று ரஹ்மத் இன்னும் சொல்வான்.

கடைசி இரண்டு வருடம் அவருக்குக் கால் நிற்கவில்லை. போன மாதம் பார்க்கப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; ரஹ்மத் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். "விரல் இடுக்குலயும் தேய்லே. பைய, பைய. ஆங், அங்கனதான்." கடைக்கு வந்தவர்கள் வேட்டிக் கரை பார்த்துச் சொல்வார்களே, அப்படிச் சொன்னார். முகத்தில் கூச்சமே இல்லை. அவனுக்கும் இல்லை. நான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நொண்டி வந்ததைக் கவனித்திருக்கிறார். "உமக்கு என்னவே வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி."

"இத்தனை வருசமா இந்த ஒரே சரக்கைத்தான்வே வச்சிருக்கீரு."

அஸர் முடிந்து, மையவாடியில் எல்லாரும் குழிக்குள் மூன்று பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. குனிந்தேன், எடுத்தேன், போட்டேன். முட்டு மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. பின்னால் ஆட்கள் காத்து நிற்கிறார்கள். பிரார்த்தனை செய்கிறவன் போலக் கண்ணை மூடிப் பார்த்தேன். எவ்வளவு நேரம்தான் மூடுவது? தோளுக்கு மேலே ரஹ்மத்தின் குரல், அப்படியே அவன் வாப்பாவின் குரல்: "என்ன வேணும் மாமா?"

'ஒண்ணும்' என்பது வரைக்கும் வாய்க்கு வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "ஒரு கை குடு மாப்ளே." கொடுத்தான். அழுது ஈரமான கை. அன்றைக்கு அந்த இடத்தில் கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டேனோ என்னவோ; ஆனால் அவன் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது.

வீட்டுக்கு வந்து தைலக் குப்பியை மனைவி முன்னால் வைத்தேன். "இந்த நாத்தம் ஆறு மாசமா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாக்கும்?" என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள்.

அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவ்வளவுதான்: ஒரு நாளைக்கு ஒன்று. நேற்று இரண்டாவது தம்ளர் காபி கேட்டேன். கிடைக்கவில்லை.

மடித்து வைத்தேன்.