கிருஷ்ணகிரீடச் செடியில் ஒரு தையல்

மார்கழியில் நின்ற மழை, தை பிறந்த பின்னும் பினாங்குக்குத் திரும்பவில்லை. தெருக்குழாயில் காலையில் சற்று நேரமே நீர் வந்தது. வீட்டுத் தேவை போகக் கொல்லைக்கு எஞ்சியது ஒரு குடம். அதுவும் என் மனைவியின் மல்லிகைக்கே உரியது; தன் கையால் வளர்த்த பூவில் மாலை தொடுத்துத் தைப்பூசத் தேருக்குச் சாத்துவதாக அவள் நேர்ந்திருந்தாள்.

வேலியோரத்தில் யாரும் நடாமல் முளைத்த கிருஷ்ணகிரீடச் செடி ஒன்று, செந்நிறப் பூவடுக்குடன் நின்றது. அதன் அகன்ற இலையொன்று சுருண்டு தொங்கியதை வாட்டமென்றே எண்ணிக் குனிந்தேன். இலையின் இரு விளிம்புகளும் ஒன்றோடொன்று தைக்கப்பட்டிருந்தன. உள்ளே, பஞ்சுப் படுக்கையில், கண் திறவாத மூன்று குஞ்சுகள். தையற்சிட்டு தன் கூட்டுக்கென இலையைப் பறிப்பதில்லை. காம்பில் உயிரோடிருக்கும் இலையையே தைத்துக்கொள்கிறது. இலை காய்ந்தால் கூடும் இல்லை.

மூன்றாம் நாள் நண்பகலில் வெயிலில் இலை சுருங்கி, ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. இடைவெளியில் ஒரு குஞ்சின் முதுகு தெரிந்தது. உதவுவதாக எண்ணி, மனைவி பூத்தொடுக்க வைத்திருந்த வாழைநாரை எடுத்து இலையைச் சுற்றிக் கட்டினேன். தாய்ப்பறவை வேலியில் அமர்ந்து கத்தியதேயன்றி அருகில் வரவில்லை. குஞ்சுகளின் வாய்கள் மேலெழுவது குறைந்துகொண்டே வந்தது. சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க? வாயில புழுவ வச்சிக்கிட்டு எப்படிக் கத்துது பாருங்க. மொதல்ல அத அவுத்து விடுங்க!"

அவிழ்த்துவிட்டுச் சமையலறை வாயிலில் ஒதுங்கி நின்றோம். பறவை வந்தது, ஊட்டியது, பறந்துபோய், வெடித்த இலவங்காயிலிருந்து ஓர் இழை பஞ்சுடன் திரும்பியது. இலை விளிம்பை அலகால் துளைத்து, இழையைச் செருகி, மறுபுறத்திலிருந்து இழுத்து, வெளியே நின்ற நுனியைப் பிரித்துப் பொங்கவிட்டது. என் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் உயிர் அது. சிறு வயது முதல் பூத்தொடுத்து வரும் என் மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்.

"முடிச்சே போடலைங்க! நுனிய மட்டும் பிரிச்சு விட்டுடுச்சு. இனிமே அது எங்க நழுவப்போவுது?"

ஆயினும் இலை வாடியே தொங்கியது. மறுநாள் காலை அவள் குடத்துடன் மல்லிகையைக் கடந்து சென்று, அந்தச் செடியின் வேரில் ஊற்றினாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தங்கச்சி, சாமிக்கு நேர்ந்துக்கிட்டுக் காட்டுச் செடிக்கு ஊத்துற? தேருக்கு என்னத்தப் போடுவ, குருவி எச்சத்தையா?"

"கொறைவாக் குடுத்தா சாமி பொறுத்துக்கும்க்கா. இதுங்க நாளைக்கே செத்துடும் லா."

ஒன்பது காலைகள் அவ்வாறே ஊற்றினாள். இலை நிமிர்ந்தது. மல்லிகை அரும்புகளோ பழுத்து உதிர்ந்தன.

தேர் வரும் காலையில் அவளுக்குக் கிடைத்தவை பதினொரு பூக்கள். அவற்றை அரைச்சாண் சரமாகத் தொடுத்து முடித்தபோது கொல்லையில் பறவைகள் ஓயாமல் கத்தின. ஓடிச் சென்று பார்த்தோம். ஒரு குஞ்சு இலைவாயில் ஏறி நின்று, கீழே விழுவதுபோல் சரிந்து, வேலியை எட்டிப் பற்றியது. இரண்டாவது அதைத் தொடர்ந்தது. மூன்றாவது விளிம்பிலேயே நின்றது. தெருமுனையில் நாகசுரம் கேட்டது.

"தேர் வந்துடுச்சு" என்றேன்.

"இருங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."

வாலே முளைக்காத அந்தச் சிற்றுயிர், முந்தைய நாள் வரை கூட்டுக்கு வெளியே எதையும் அறியாதது, சிறகை விரித்துக் காற்றை நம்பிற்று. காற்று அதைத் தாங்கிற்று.

அதன் பிறகே அவள் சரத்துடன் வாயிலுக்கு ஓடினாள். தேர் எங்கள் வீட்டைக் கடந்திருந்தது. தெருக்கோடியில் தேங்காய் உடைப்பதற்காக நின்ற இடத்தில் அதை எட்டிப்பிடித்துக் கையை நீட்டினாள். குருக்கள் வாங்கி, பெரிய மாலைகளின் நடுவே சாத்தினார். எங்கே சாத்தினார் என்று கீழிருந்து தெரியவில்லை.

"குடுத்துட்டேங்க" என்றாள், மூச்சிரைக்க.