முறைத் தண்ணீரும் மூன்று மணிக் கப்பலும்

கிளிநொச்சியில் இருக்கிற நான் கட்டுநாயக்கா போய், விமானம் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கே கப்பல் ஏறி, ஐந்தாம் நாள் காங்கேசன்துறையில் இறங்கினேன். வீட்டு வாசலில் பஸ் ஏறியிருந்தால் இரண்டு இரண்டரை மணித்தியாலத்தில் அதே இடத்துக்குப் போயிருக்கலாம். இதைச் சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் வாய்க்காலில் வயல் செய்கிற கமக்காரரில் உல்லாசக் கப்பல் ஏறிய முதல் ஆள் நான்தான். இரண்டாவது ஆள் இன்னும் இல்லை.

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் தகப்பன் விட்டுப்போனது மூன்று ஏக்கர் வயல். அது இன்று பதினெட்டு ஏக்கர். கூடவே ஒரு நெல் ஆலையும் இரண்டு உழவு இயந்திரமும். ஒருவரிடமும் கை நீட்டவில்லை. கனடாவில் இருக்கிற மகன், "அப்பா, எல்லாரும் சேர்ந்து ஒருக்கால் கப்பலிலை போவம், செலவு என்ரை" என்று சொன்னபோது, "செலவு என்ரை, நீ லீவைப் போட்டிட்டு வா" என்று சொன்னவன் நான்.

மனைவியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரிய பாடாக இருந்தது.

அவள் பிள்ளைப்பேற்றுக்காக யாழ்ப்பாணத்துத் தாய் வீட்டுக்குப் போய், இதே மகனைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த காலம், போரில் பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கடலைப் படகில் தாண்டித்தான் எங்கள் வன்னிப் பக்கம் வரலாம். படகில் இடமில்லை என்று அவளையும் குழந்தையையும் ஒன்றில் ஏற்றி, கூட்டிவரப் போன என்னை அடுத்ததில் ஏற்றினார்கள். என் படகின் இயந்திரம் நடுவில் நின்றுபோனது. அவள் இக்கரையில் இறங்கி, அடுத்த நாள் மத்தியானம் வரை குழந்தையோடு மணலில் இருந்தாள். நான் இருக்கிறேனா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதன் பிறகு அவள் கடற்கரையில் கால் நனைத்ததே இல்லை.

"ஏறுறன்," என்றாள் கடைசியில். "ஆனா தண்ணியிலை நீங்கள் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் எண்டு நிக்க ஏலாது. நீங்கள் இல்லாமல் அந்தக் கப்பல் வெளிக்கிட்டால் நான் அதிலை இருக்கமாட்டன். சத்தியம் பண்ணுங்கோ."

வாய்க்கால் கரைப் பிள்ளையாருக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணினேன்.

கப்பலைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மேல் தட்டில் நீச்சல் குளம். நாள் முழுக்கச் சாப்பாடு. சோறு மட்டும் சரியில்லை. எங்கள் ஆலையில் கோழிக்குப் போடுகிற குறுணல் மாதிரி இருந்தது. அதைப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். முதல் கடல் நாளில் மனைவி அறையை விட்டு வரவில்லை. இரண்டாம் நாள் அம்பாந்தோட்டையில் இறங்கியபோதுதான் முகத்தில் இரத்தம் வந்தது. அதற்குப் பிறகு கப்பலுக்குள் நடந்தாள். ஆனால் என் சேட்டின் ஓரத்தை விரல்களால் பிடித்துக்கொண்டே நடந்தாள். மகனோடு வந்த பேத்திக்கு அது பெரிய விளையாட்டு. அவளும் அப்பம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்வாள். மூன்று பெட்டி ரெயில் மாதிரி நாங்கள் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போவோம்.

திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கும்போது போன் அடித்தது. அதோடு என் நிம்மதி போனது.

அழைத்தவர் என் வயலைப் பார்க்கிறவர். மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் குடியேறிய குடும்பம். இருபது வருஷமாக என்னோடு நிற்கிறார். "ஐயா, முறைய மறுபடியும் மாத்திட்டாங்க. நமக்குத் தண்ணி நாளைக்குத்தான். பயிரு குடலையில நிக்குது. மேல உள்ளவரு வாய்க்கால்ல மண் மூட்ட போட்டிருக்காரு."

மழையில்லாத சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் முறை கப்பல் புறப்படுவதற்கு முன்னம் முடிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் நான் பயணத்துக்கு நாள் குறித்தேன். வெளிக்கிடுகிற அன்று, இரண்டு நாள் பிந்தும் என்றார்கள்; டிக்கெட்டைத் தள்ளிப்போட ஏலாமல் ஏறிவிட்டேன். இப்போது கதிர் வெளிவராமல் வயிற்றுக்குள் இருக்கிற பருவம். இந்த ஒரு தண்ணீர் தவறினால் பதினெட்டு ஏக்கரும் மணி பிடிக்காத சப்பி. அது மட்டுமல்ல. நாற்பது வருஷமாக எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை ஆள் நின்றாலும், முறைத் தண்ணீர் வயலுக்குள் நுழையும்போது வாசலில் நான் கால் வைத்து நிற்பேன். தண்ணீர் என் காலைத் தொட்டுத்தான் உள்ளே போகும். என் வயல் விளைந்தது அப்படித்தான்.

நாளைக்குக் கப்பல் நிற்கப்போவது காங்கேசன்துறையில். நான் மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லை.

காலை பத்து மணிக்கு இறங்கினோம். கடவுச்சீட்டுகளைக் கப்பல்காரர் வாங்கி வைத்திருந்தார்கள். கையில் ஒரு அட்டை மட்டும். துறைமுக அதிகாரி அட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, நீங்கள் நாட்டுக்குள்ளை வாறியளோ, இல்லாட்டிச் சுத்திப் பாக்க வந்தனீங்களோ?"

"சொந்த நாட்டைச் சுத்திப் பாக்க வந்தனான் தம்பி."

"அப்ப மூண்டு மணிக்குள்ளை ஏறிடுங்கோ. பிந்தினால் ஏணியைத் தூக்கிப்போடுவாங்கள்."

வெளியே மற்றவர்களுக்குக் கீரிமலைக்கும் நல்லூருக்கும் போக பஸ் நின்றது. "இஞ்சை கிட்டச் சுன்னாகத்திலை ஒரு மில்காரரைப் பாக்கவேணும்," என்றேன். "நீங்கள் போய்க் குளிச்சுக் கும்பிட்டிட்டு வாங்கோ."

மனைவி என் சேட்டை விடவில்லை. "கடலாலை வந்து இறங்கின உடனை மில்லோ?"

"அரை மணித்தியால வேலை."

"மூண்டு மணி," என்றாள்.

"தெரியும், விடும்."

விட்டாள். பஸ் திரும்பி மறைந்ததும் நான் ஒரு வானைப் பிடித்தேன். வான்காரர் என் வயதுக்காரர். "எங்கை ஐயா?" என்றார். "கிளிநொச்சி" என்றேன். அவர் திரும்பி, எனக்குப் பின்னால் எட்டுத் தட்டோடு நிற்கிற கப்பலைப் பார்த்தார். "போகத்தான் கேக்கிறியளோ, போட்டுத் திரும்பி வரவோ?"

"மூண்டு மணிக்கு இஞ்சை நிக்கவேணும்."

"அப்ப உங்களுக்கு வான் சரிவராது. ஹெலிகொப்டர்தான்," என்று சொல்லிக்கொண்டே திறப்பைத் திருகி வானைக் கிளப்பினார்.

பன்னிரண்டு மணிக்கு வயல் வரம்பில் நின்றேன். மண் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருந்தது. இலைகள் சுருண்டு ஊசியாக நின்றன. வயல் பார்க்கிறவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"என்னாங்கய்யா, கப்பல்லருந்து தள்ளி விட்டுட்டாங்களா?"

நான் வாய்க்கால் வழியே மேலே நடந்தேன். மேல் வயற்காரர் தன் வாசலுக்குக் கீழே மண் மூட்டைகளை அடுக்கி, அதன் மேல் குந்தியிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை.

"என்ன அண்ணை, கப்பல் வாய்க்காலாலையோ வந்தது?"

"வாய்க்காலிலை தண்ணி இருந்தாலெல்லோ கப்பல் வரும். மூட்டையை எடும்."

"ஒரு மணி வரைக்கும் என்ரை முறை. தண்ணி விடுற விதானையார் எழுதித் தந்தவர்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். "இந்தாங்கோ, வாசியுங்கோ. ஏலாட்டி நான் வாசிச்சுக் காட்டுறன்."

அந்தக் கதை எனக்கு எங்கே போய்க் குத்தும் என்று அவருக்குத் தெரியும். வேறு நாள் என்றால் மூட்டையோடு சேர்த்து அவரையும் தூக்கிக் கரையில் வைத்திருப்பேன். இரண்டு பேரைச் சமாளிக்க இப்போதும் என் கைக்குப் பலம் இருக்கிறது. ஆனால் சண்டை ஒரு மணிக்கு முடியாது. துண்டை வாங்கினேன். எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒரு மணி என்றுதான் இருந்தது.

வரம்பில் இருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கணக்கு எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை, ஆனால் தப்பாது. ஒரு மணிக்கே நான் வெளிக்கிட்டால்தான் அரை மணித்தியாலம் கையில் இருக்கும். ஒரு மணிக்குத்தான் தண்ணீரே திறக்கும். காய்ந்த வாய்க்காலில் அது என் வாசலுக்கு வர இன்னும் அரை மணித்தியாலம் பிடிக்கும்.

சொன்ன நேரத்துக்கு அவர் மூட்டையை இழுத்தார். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குனிந்து இரண்டாவது மூட்டைக்கு என்னோடு ஒரு கையும் கொடுத்தார். தண்ணீர் நுரையும் வைக்கோலுமாக ஊர்ந்து வந்தது. நான் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, அதன் தலைப்போடு கூடவே நடந்தேன். வயல் பார்க்கிறவர் முன்னால் புல்லைச் செருக்கிக்கொண்டு போனார். வழியில் வெடிப்பெல்லாம் தண்ணீரைக் குடித்தது. ஒரு நண்டு வளை வாயைத் திறந்து பாதியை விழுங்கியது. அதை மிதித்து அடைத்தோம். றோட்டில் வான்காரர் ஹோன் அடித்தார். பிறகு விடாமல் அடித்தார்.

ஒன்று இருபத்தைந்து. என் வாசலுக்கு இன்னும் ஐம்பது கவடு நடை.

"ஐயா, இன்னொரு கா மணி. கால வச்சிட்டே போங்க."

நின்றேன். அந்த ஐம்பது கவடு நிலத்தையும் பார்த்தேன். பிறகு கிளாலிக் கடலின் இக்கரை மணல் நினைவு வந்தது. அதில் அவள் இரவு முழுக்கக் காத்திருந்த இருப்பை நான் பார்த்ததில்லை. படகில் வந்து இறங்கியபோது பார்த்தது, அவளைச் சுற்றி மணலில் அவள் விரலால் கீறி வைத்திருந்த குழிகளைத்தான்.

"நீர் பாரும்," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ஆனையிறவு தாண்டும்போது மகன் போனில் அழைத்தான். "அப்பா, எங்கை நிக்கிறியள்?"

"சுன்னாகத்திலை."

"அப்ப வந்திடுவியள்."

கொடிகாமத்தில் ரெயில் கடவை மூடியிருந்தது. ரெயில் வரவில்லை. வான்காரர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டினார். நான் கதவைத் திறந்து இறங்கி, தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தேன். என்னைக் கண்டு ரெயில் வந்துவிடப் போவதில்லை. இருந்தாலும் பார்த்தேன். அது வந்து, போய், கடவை திறந்தபோது இரண்டு இருபது.

"இன்னும் சுன்னாகமோ?" மகனின் குரல் மாறியிருந்தது. "நாங்கள் ஏணியடியிலை நிக்கிறம். அம்மா ஏறமாட்டாவாம்."

"ஏறச் சொல்லு. நான் வாறன்."

"நீங்களே சொல்லுங்கோ."

போனை அவளிடம் கொடுத்திருப்பான் போல. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. "இஞ்சாரும்," என்றேன். "நீர் ஏறும். நான் வந்திட்டன்." போனை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வான்காரர் புத்தூரால் திருப்பி, குறுக்கு வழிகளால் விட்டார். மூன்று மணிக்குத் தெல்லிப்பழை. தூரத்தில் கப்பல் ஒரு தரம் ஊதியது. பிள்ளையாருக்கு முன்னால் கொளுத்திய கற்பூரம் கண்ணுக்குள் எரிந்தது.

துறைமுக வாசலில் இறங்கிச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். எழுபதுக்கு மேற்பட்டவன் என்று யாரும் சொல்லமாட்டார்கள், அப்படி ஓடினேன். ஏணியின் கடைசிப் படியில் அவள் இருந்தாள், மடியில் கைப்பையோடு. வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு பேர் மேலே நின்று கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாமவர் அவளுக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவளைத் தூக்காமல் ஏணியைத் தூக்க முடியாது. அவளைத் தூக்கவும் அவர்களுக்குத் துணிவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். முழங்கால் வரை வயற்சேறு காய்ந்து வெடித்திருந்தது. சுன்னாகத்து மில் எதிலும் அந்தச் சேறு கிடையாது. எழும்பினாள். என் சேட்டைப் பிடிக்கவில்லை. ஏணிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக ஏறினாள்.

அடுத்த நாள் முழுக்கக் கடல். கரை இல்லை, போனும் இல்லை. தண்ணீர் வயலுக்குள் போனதா, இன்னொரு நண்டு வளையில் போனதா என்று கேட்க வழியில்லை. அவளிடமும் ஒன்றும் கேட்க வழியில்லை. பேத்திதான் தூது. "அப்பப்பா, அப்பம்மா உங்களைச் சாப்பிட வரட்டாம்." "அப்பப்பா, அப்பம்மா குளிசை போட்டிட்டியளோ எண்டு கேக்கட்டாம்." சாப்பாட்டு மண்டபத்துக்கு அவள் முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். கப்பல் ஆடியபோது சுவரைப் பிடித்தாளே தவிர என்னைப் பிடிக்கவில்லை.

பின்னேரம் மேல் தட்டில் கம்பியடியில் நின்றேன். அவள் வந்து இரண்டு முழம் தள்ளி நின்றாள். கடலை நேராகப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்து நான் கண்டதில்லை.

"தண்ணி வந்துதோ?" என்றாள்.

"தெரியாது."

திரும்பினாள். "தெரியாதோ?"

"ஐம்பது கவடு இருக்கேக்கை வெளிக்கிட்டனான்."

"கால் வைக்கேல்லையோ?"

"இல்லை."

அவள் கம்பியில் ஒட்டியிருந்த உப்பை விரலால் சுரண்டினாள்.

"பதினெட்டு நிமிஷம் பிந்தினனீங்கள்," என்றாள். "எண்ணிக்கொண்டு இருந்தனான்."

ஊரில் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும்பிப் பேசுகிறவன் நான். அங்கே கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது. என் சேட்டின் ஓரம் இழுபட்டது. குனிந்து பார்க்கவில்லை. அவள் விரல் எனக்குத் தெரியும்.

சென்னைக் கரை தெரிந்ததும் போன் அடித்தது. எடுக்க என் கை போகவில்லை. அவள் என் பையிலிருந்து எடுத்து, காதில் வைத்து, "ஓம்... ஓம்..." என்று கேட்டாள். பிறகு தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"வந்திட்டுதாம்," என்றாள். "உங்கடை கால் படாமலே உள்ளுக்குப் போயிட்டுதாம்."

ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம், தண்ணீர் வாசலில் கால் வைத்துவிட்டுத்தான் போய்க் கப்பல் ஏறினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள். இன்றுவரை மறுத்ததில்லை.